மலையாளியும் கவிஞரும்
மக்கட்பெயர்களில் பால் உணர்த்தும் மரபு – ஒரு வரலாற்று நோக்கு

ஜவ்வாது மலையின் தொல்குடி மக்கள் மலையாளி என்னும் பெயரால் அறியப்படுகின்றனர். கேரள நாட்டாரைக் குறிக்கும் சொல்லோடு இப்பெயர் வடிவால் ஒத்திருப்பினும், ஈண்டு மலையை ஆள்பவர், மலைமேல் வாழ்பவர் என்பதே பொருள். காஞ்சி மாநகரினின்றும் தம் முன்னோர் மலையேறி வந்தனர் என்பது அம்மக்களின் வாய்மொழி மரபு. சேர்வராயன் மலை, கல்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை ஆகியவற்றில் வாழ்வோர்க்கும் இப்பெயரே வழங்குகின்றது. அரசின் பழங்குடியினர் பட்டியலிலும் இப்பெயரே இடம்பெற்றுள்ளது.

இப்பெயரில் ஓர் இலக்கண நுட்பம் அடங்கியுள்ளது. ஆணும் மலையாளி, பெண்ணும் மலையாளி. தொழிலாளி, நோயாளி, கடனாளி, அறிவாளி, காவலாளி என ‘ஆளி’ ஈறு பெற்ற பெயர்கள் யாவும் இருபாற்கும் பொதுவாய் நிற்பன. மணவாளன் என்பதன்கண் ‘ஆளன்’ ஆண்பாலையும், பெருமாட்டி, மூதாட்டி என்பவற்றின்கண் ‘ஆட்டி’ பெண்பாலையும் தெரித்துக் காட்ட, ‘ஆளி’ மட்டும் பால் காட்டாது நிற்கின்றது. தலைவி, குறத்தி, மாணவி ஆகிய சொற்களில் பெண்மை உணர்த்தும் அதே இகரம், மலையாளி என்னும் சொல்லில் பெண்மை உணர்த்தாமை எண்ணத்தக்கது. ஈறு ஒன்றேயாயினும் அது ஆற்றும் பணி வேறு.

மக்களைக் குறிக்கும் பெயர்கள் பாலை எங்ஙனம் உணர்த்துகின்றன, எப்பொழுது மறைக்கின்றன, அவ்வாறு உணர்த்துவதாலும் மறைப்பதாலும் யாருக்கு என்ன நேர்ந்தது என்பன வெறும் இலக்கண வினாக்கள் அல்ல. சமூக வரலாற்று வினாக்களும் ஆகும்.

திணையும் பாலும்

உலக மொழிகள் பலவற்றில் பெயர்களுக்குரிய பால், பொருளைச் சார்ந்து அமைவதில்லை. பிரெஞ்சு மொழியில் ஞாயிறு ஆண்பால், திங்கள் பெண்பால். நாற்காலிக்கும் மேசைக்கும் பெண்பால். மக்களைக் குறிக்கும் பெயர்களிலும் இம்முரண் உண்டு. காவல் வீரனைக் குறிக்கும் ‘சாந்தினெல்’ என்னும் சொல், மீசை முறுக்கிய ஆடவன் ஒருவனைக் குறித்தபோதும் இலக்கணத்தால் பெண்பாலே. ஆள் என்னும் பொருளுடைய ‘பெர்சொன்’, ஊறுபட்டோரைக் குறிக்கும் ‘விக்தீம்’ ஆகியனவும் அத்தகையனவே. தமிழிலோ காவலாளி வந்தான் எனவும் காவலாளி வந்தாள் எனவும் பொருள் நோக்கியே முடிபு கொள்ளப்படும்.

தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே மக்களை உயர்திணை என வகுத்து, அதனுள் ஆண், பெண், பலர் என முப்பாலை நிறுவுகின்றது. னகர ஈறு ஆணையும், ளகர ஈறு பெண்ணையும், ரகர ஈறு பலரையும் உணர்த்தும். இப்பகுப்பில் ஒரு சிறப்பு உண்டு. ஆடவரும் மகளிரும் கலந்த கூட்டத்தைக் குறிக்கும்போது தமிழ் ஆண்பாலை நாடுவதில்லை. இரண்டினும் வேறாகிய பலர்பாலை நாடுகின்றது. பிரெஞ்சு மொழியிலோ நூறு மகளிரிடையே ஆடவன் ஒருவன் இருப்பினும் அக்கூட்டத்துக்கு ஆண்பாற் பன்மையே இலக்கண விதி. 1767இல் இலக்கண நூல் வெளியிட்ட நிக்கோலா போசே, ஆண் பெண்ணினும் உயர்ந்தவன் என்பதையே இவ்விதிக்குக் காரணமாகக் காட்டினார்.

எனினும் தமிழிலும் வடிவம் ஒன்றும் பொருள் ஒன்றுமாய் நிற்கும் சொல் இல்லாமல் இல்லை. ‘பெண்மகன்’ என்னும் சொல்லைத் தொல்காப்பியர் தனியே எடுத்தோதுகின்றார். ஈற்றில் ‘மகன்’ என நிற்பினும் அது பெண்பால் வினையே கொள்ளும் என்பது விதி. புறத்தே சென்று விளையாடும் சிறுமியை மாறோக்கத்தார் தம் காலத்தும் அவ்வாறு அழைத்தனர் எனச் சேனாவரையர் தம் உரையில் குறிக்கின்றார். வடிவு ஆணாயினும் பொருளே வெல்லும் என்னும் தமிழ் நெறிக்கு இச்சொல் சிறந்த சான்று. இயற்பெயர்களுக்கும் இந்நெறியே பொருந்தும். சாத்தன் வந்தான் என்றால் மகன். சாத்தன் வந்தது என்றால் எருது.

செங்கம் வட்டாரத்து நடுகல் ஒன்று இதனை வாழ்வில் காட்டுகின்றது. மகேந்திரவர்ம பல்லவன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் வீரனோடு அவனுடைய நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன். மாடு மீட்டு மாய்ந்த மறவர்க்குரிய அன் ஈற்றுப் பெயரையே நாய்க்கும் இட்ட அவ்வூரார், நாய் என்னும் சொல்லையும் உடன் பொறித்துத் திணையை வழுவாது காத்தனர்.

நவிரமலை காட்டும் சொற்கள்

ஜவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு, சேயாறு என்னும் பெயரோடு மலைபடுகடாத்தில் இடம்பெறுகின்றது. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் செங்கண்மாத்து நன்னனைப் பாடிய 583 அடிகள் கொண்ட இவ்வாற்றுப்படை, கூத்தர் குழுவை நோக்கிக் கூறப்பட்டது. அக்குழுவில் விறலியரும் உளர். புலி பாய்ந்து புண்பட்ட கணவரின் மார்புப் புண் ஆறுதற்பொருட்டுக் கொடிச்சியர் பாடும் பாடலையும் அப்பனுவல் மலையின் ஒலிகளுள் ஒன்றாக எண்ணுகின்றது.

சங்க இலக்கியம் முழுவதையும் நோக்கின், மகளிர் ஈடுபட்ட தொழில்களுக்கும் குடிகளுக்கும் பெண்பாற் பெயர் தனியே அமைந்திருத்தல் புலனாகும். பாணனுக்குப் பாடினி, குறவனுக்குக் குறமகள், கொடிச்சி, எயினனுக்கு எயிற்றி, குயவனுக்குக் குயத்தி. விறலி என்னும் சொல்லோ ஆண்பாற் சொல்லினின்று ஈறு மாற்றி ஆக்கப்பட்டதன்று, தன்னளவில் நிற்பது. ஆயின் புலவன் என்னும் சொல்லுக்கு இணையான பெண்பாற் சொல் வழக்கில் நிலைபெறவில்லை. பாடுதற்குப் பெண்பாற்பெயர் உண்டு. பாட்டு இயற்றுதற்கு இல்லை. இத்தனைக்கும் இயற்றிய மகளிர் அக்காலத்தே பலர் இருந்தனர்.

‘ஆர்’ மறைத்த பெண்மை

ஒருவரைப் பன்மையாற் கூறுதலை வழக்கில் உயர்வு கருதி வந்த சொல் எனவும், இலக்கண நெறியன்று எனவும் தொல்காப்பியர் பிரித்துரைக்கின்றார். ‘ஒருவர்’ என்னும் பெயர் இருபாற்கும் உரியது எனவும், அது பன்மை முடிபே ஏற்கும் எனவும் பெயரியலில் கூறுகின்றார். அன்று வழக்கென ஒதுக்கப்பட்ட உயர்வுப் பன்மையே பிற்காலத்தில் பொது நெறியாயிற்று. பன்மைக்குரிய ரகரம் மரியாதையை உணர்த்தும் பணியை ஏற்றவுடன், பன்மையை உணர்த்த வேறோர் ஈறு தேவைப்பட்டது. அஃறிணைப் பன்மைக்குரிய ‘கள்’ அவ்விடத்துக்கு வந்து அவர்கள், புலவர்கள் என்னும் வடிவங்கள் பெருகின.

இம்மாற்றத்தின் விளைவு இருவகைப்பட்டது. மகளிர்க்கு மதிப்பு வந்தது. மதிப்போடு மறைப்பும் வந்தது. வெள்ளிவீதியார், அள்ளூர் நன்முல்லையார், பொன்முடியார் என்னும் பெயர்களின் ஈறு, பாடியவர் ஆணோ பெண்ணோ என்பதைக் காட்டுவதில்லை. வெள்ளிவீதியாரின் துயரினை ஔவையார் தம் அகநானூற்றுப் பாடலில் சுட்டியதனால் ஒரு சான்று கிடைத்தது. இத்தகு சான்று இல்லாதவிடத்து ஆய்வாளர் ஊகத்தையே நம்ப வேண்டியதாயிற்று. சங்கப் பெண்பாற் புலவர் முப்பதின்மர் அளவினர் என்போரும் நாற்பதின்மரைக் கடப்பர் என்போரும் இன்றளவும் உளர். ஓர் ஈறு மறைத்ததை ஈராயிரம் ஆண்டு ஆய்வும் முழுமையாகத் துலக்கவில்லை.

சோழர் காலக் கல்வெட்டுகள் வேறொரு காட்சியைத் தருகின்றன. தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரின் பெயர்கள் ‘நக்கன்’ என்னும் சிவபெருமானின் பெயரை முன்கொண்டு பொறிக்கப்பட்டுள்ளன. அன் ஈற்று ஆண்பாற் பெயர் மகளிர் பெயர்களின் முன்னே அடையாக நிற்கின்றது. இறைவனுக்கு உரியவர் என்னும் உறவே அங்கு முதன்மை பெற்றது.

‘தேவரடியார்’ என்னும் சொல்லின் வரலாறு துயரமானது. அடியார் என்பது இருபாற்கும் பொது, நாயன்மாரும் அடியாரே. கோயிற் பணி செய்த மகளிரைக் குறித்த தேவரடியார் என்னும் பெயரோ காலப்போக்கில் மகளிர்க்கே உரியதாய்ச் சுருங்கியது, பின்னர் இழிந்தது. அம்முறையை ஒழிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. அதற்காக நெடுங்காலம் போராடியவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. ஒரே அடியார் என்னும் சொல், ஆடவரைச் சார்ந்தபோது வணக்கத்துக்கு உரியதாகவும், பெண்டிரையே சார்ந்தபோது வசையாகவும் ஆனது.

பிரெஞ்சு மொழியில் எழுந்த போராட்டம்

இச்சரிவு தமிழுக்கு மட்டும் உரியதன்று. பிரெஞ்சு மொழியில் தூதுவர் என்னும் சொல்லின் பெண்பால் வடிவம் நெடுங்காலம் தூதுவரின் மனைவியையே குறித்தது. மாவட்ட ஆட்சியரை ஒத்த ‘பிரெஃபே’ என்னும் அலுவலரின் பெண்பால் வடிவமும் அவ்வாறே. பெண்ணுக்குப் பதவி இல்லாத காலத்தில் பெண்பாற் சொல்லுக்கு மனைவி என்பதே பொருளாயிற்று. நூலாசிரியையைக் குறிக்கும் ‘ஓத்ரீஸ்’ என்னும் பழஞ்சொல் 17ஆம் நூற்றாண்டில் வழக்கில் இருந்தும், இலக்கணியர் சிலரின் எதிர்ப்பால் வழக்கொழிந்தது.

பதவிகள் மகளிர்க்குத் திறந்தபோது சொல் இல்லாக் குறை வெளிப்பட்டது. பிரெஞ்சு பேசும் கனடாவின் கியூபெக் மாநிலம் 1979இலேயே பதவிப் பெயர்களுக்குப் பெண்பால் வடிவங்களைப் பரிந்துரைத்தது. பிரான்சில் 1984இல் எழுத்தாளர் பெனுவாத் குரூ அவர்களின் தலைமையில் ஆணையம் ஒன்று அமைந்தது. அதன் பயனாக 1986இல் அரசின் சுற்றறிக்கை வெளிவந்தது. அது பின்பற்றப்படாமையால் 1998இல் மீண்டும் ஒரு சுற்றறிக்கை; 1999இல் ஒரு வழிகாட்டி நூல். 1635இல் நிறுவப்பெற்ற பிரெஞ்சுக் கழகமோ இவற்றை எதிர்த்தே நின்றது. அக்கழகத்திற்கு முதல் பெண் உறுப்பினராக மார்கரித் யூர்சனார் தேர்வானதே 1980இல்தான். இறுதியில் 2019 பிப்ரவரி 28 அன்று பெண்பாற் பதவிப் பெயர்களுக்குத் தடையில்லை என அக்கழகம் ஏற்றது. அக்காலத்தில் கழகத்தின் நிலைச் செயலராய் இருந்த எலேன் கரேர் தாங்கோசு அம்மையார், 2023இல் மறையும்வரை, தமக்கு ஆண்பாற் பதவிப் பெயரையே விரும்பினார் என்பதும் குறிக்கத்தக்கது. உயர்ந்த இடத்தை அடைந்த பெண் ஒருவர், அவ்விடத்தின் பழைய பெயரையே தம் உயர்வுக்குச் சான்றாகக் கருதுதலும் உண்டு.

வடநாட்டிலும் இவ்வினா எழுந்தது. 2007இல் பிரதிபா பாட்டீல் குடியரசுத் தலைவரானபோது, ‘பதி’ என முடியும் ராஷ்டிரபதி என்னும் சொல் பெண்ணுக்குப் பொருந்துமா என்பது விவாதிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அவ்வினா எழவில்லை. குடியரசுத் தலைவர் என்னும் சொல்லின் ரகரம் 2007இலும் சிக்கலின்றி நின்றது. 2022இல் திரௌபதி முர்மு பொறுப்பேற்றபோதும் அவ்வாறே நின்றது.

மருத்துவச்சியும் மருத்துவரும்

ஆயினும் தமிழ் இவ்வகையில் குறையற்றது எனக் கொள்ளுதல் பொருந்தாது. மருத்துவன் என்பதன் பெண்பால் மருத்துவச்சி. அச்சொல் பேறுகாலம் பார்க்கும் மூதாட்டியையே குறித்து நின்றுவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றபோது அவரை மருத்துவச்சி என அழைப்பார் இலர். டாக்டர் என்னும் அயற்சொல்லோ, மருத்துவர் என்னும் பொதுச்சொல்லோதான் வேண்டியதாயிற்று. பிள்ளைப்பேற்றின் நுட்பம் அறிந்து பல்லாயிரம் உயிர்களைக் காத்தவளுக்குப் பெண்பால் ஈறு; பட்டம் பெற்றவர்க்கு ரகர ஈறு.

இன்றைய வழக்கை நோக்கின் இவ்வேறுபாடு தெளிவாகும். வேலைக்காரி, பூக்காரி, கூலிக்காரி, இடைச்சி, வண்ணாத்தி எனத் தாழ்த்தி எண்ணப்பட்ட தொழில்களிலும் குடிகளிலும் பெண்மை வெளிப்படையாய் நிற்கின்றது. ஆட்சியர், பொறியாளர், பேராசிரியர், அமைச்சர் என உயர்த்தி எண்ணப்படும் இடங்களில் அது மறைகின்றது. ரகர ஈறு பாலை மறைப்பது மதிப்பை வழங்கும் இடத்தில் மட்டுமே. மதிப்பு மறுக்கப்படும் இடத்தில் அவனும் அவளும் மீண்டுவிடுகின்றனர். மலைமேல் வாழும் முதியவரைச் சமவெளியினின்று சென்ற இளைஞரும் ஒருமையில் விளிக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. ஆகவே, பிரெஞ்சுப் பெண்டிர் உயர்ந்த பதவியில் தம் பெண்மை தெரிய வேண்டும் எனப் போராட, தமிழ்ப் பெண்டிர்க்கு முதற்கண் வேண்டியது ‘அவர்’ என்னும் சொல்லே ஆயிற்று.

தலைவி என்னும் சொல்லின் நிலையும் நோக்கத்தக்கது. அகத்திணையில் அவள் காதலி. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்கு இடம் கிடைத்தபின், 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதனைப் பாதியாக உயர்த்தியபின், ஊராட்சித் தலைவி என்னும் வழக்கு ஊர்தோறும் பரவிற்று. ஆயின் பல ஊர்களில் தலைவியின் கணவரைத் தலைவர் என ஊரார் அழைப்பதும் உடன் பரவிற்று. பிரான்சில் ஆட்சியரின் மனைவிக்குப் பதவிப்பெயர் கிடைத்தது. இங்கே பதவியுடையவளின் கணவருக்குப் பதவிப்பெயர் கிடைத்தது.

இருபாலுள்ளும் அடங்காதோர் நிலையும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே. பேடி என்னும் பெயருக்குத் தனி ஈறு இல்லை எனினும் அது உயர்திணைக்குரிய முடிபே கொள்ளும் எனத் தொல்காப்பியர் அன்றே வகுத்தார். அவ்வுயர்திணை உரிமை வாழ்வில் கிட்ட நெடுங்காலம் சென்றது. 2008இல் தமிழக அரசு அவர்க்கென நலவாரியம் அமைத்தது. திருநங்கை என்னும் சொல் பழைய இழிவழக்குகளை விலக்கி நிலைபெற்றது. 2014இல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தாரின் உரிமையை ஏற்றது.

மலை தந்த நீதிபதி

ஜவ்வாது மலையைச் சேர்ந்த மலையாளிப் பழங்குடிப் பெண் ஸ்ரீபதி, 2023இல் நடைபெற்ற உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார் என்னும் செய்தி 2024 பிப்ரவரியில் நாடெங்கும் பரவியது. மகப்பேறு நிகழ்ந்த ஓரிரு நாட்களுக்குள் நெடுந்தொலைவு சென்று அவர் தேர்வெழுதினார் என்பதும் அச்செய்தியோடு பரவியது. நீதிபதி என்னும் சொல்லின் ஈற்றில் நிற்கும் ‘பதி’ வடமொழியில் தலைவனையும் கணவனையும் குறிக்கும் ஆண்பாற் சொல். தமிழில் அது அப்பொருளை இழந்து, மலையாளி என்னும் சொல்லைப் போலவே இருபாற்கும் பொதுவாயிற்று. நீதிபதி வந்தார் என்னும் தொடரில் மலைமகளும் ‘அவர்’ ஆனார். சமவெளியார் நெடுங்காலம் ஒருமையில் அழைத்த குடிக்கு அந்த ரகரம் சிறு பேறு அன்று.

இரண்டும் வேண்டும்

இனிக் கவிதையுலகிற்கு வருவோம். கவிஞர் என்பதா, பெண் கவிஞர் என்பதா, கவிதாயினி என்பதா என்னும் வினா ஒவ்வொரு மேடையிலும் எழுகின்றது. கவிஞர் என்றால் மதிப்பு உண்டு. ஆயின் சங்கப் புலவர்க்கு நேர்ந்த மறைப்பு மீண்டும் நேரும். பெண் கவிஞர் என்றால் கவிஞர் என்னும் சொல் ஆடவர்க்கே உரியது போலாகும். கவிதாயினி என்றால் பெண்மை விளங்கும். ஆயின் அச்சொல்லில் பலர் ஒரு சலுகையின் சாயலைக் காண்கின்றனர்.

பழந்தமிழ் இதற்கொரு வழி வகுத்திருந்தது. கரிகாலன் வென்ற வெண்ணிப் போரினைப் பாடியவர் வெண்ணிக் குயத்தியார். குயவன் என்பதன் பெண்பால் குயத்தி, அதன்மேல் ஆர். பெண்மையும் அதன் தொழிலும் முதலில் தெரிய, மதிப்பு அதன்மேல் அமைகின்றது. மட்கலம் வனையும் குடியும் அங்கு மறைக்கப்படவில்லை. ஒக்கூர் மாசாத்தியார் என்னும் பெயரும் இவ்வமைப்பினது. இராசேந்திர சோழனுக்கு அணுக்கராய்த் திருவாரூர்க் கோயிற்குக் கொடையளித்த பரவை நங்கையாரைக் கல்வெட்டு அணுக்கியார் எனக் குறிக்கின்றது. பிற்காலத்தே இரு நூற்றாண்டுகளுக்கு மேல் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலில் தோன்றிய பெருமாட்டியார், தம்மைப் பேய் என்றே பாடலில் குறித்துக்கொண்டார். உலகமோ அவரை அம்மையார் என்றது. பாலையும் துறந்து நின்றவர்க்குப் பெண்மையும் மதிப்பும் சேர்ந்த பெயரையே தமிழ் மரபு சூட்டியது.

பெண்மையைக் காட்டினால் மதிப்புக் குறையும், மதிப்பைக் காட்டினால் பெண்மை மறையும் என்னும் இன்றைய இக்கட்டு தமிழின் இயல்பன்று, இடையில் வந்தது. எச்சொல்லைத் தெரிந்துகொள்ளுதல் என்பது பாடுவோரின் உரிமை. அவ்வுரிமையைக் கேட்டறிந்து பெயரை அச்சிடுதல் தொகுப்பாளர் கடமை. விழா மலர்களில் கவிதை வழங்கியோர் பெயரோடு அவர்தம் ஊரும் ஓரிரு வரிக் குறிப்பும் இடம்பெறுமாயின், நாளை இலக்கிய வரலாறு எழுதுவோர்க்கு, வெள்ளிவீதியாரைத் தேடியவர் பட்ட துன்பம் நேராது.